நூற்றுக்கு நூறு வாங்கிய காது

"உங்க காது பிரமாதமா வேலை செய்யுதாம்!" கடிதத்தை அவர் மூக்குக்கு நேரே ஆட்டினாள் மனைவி. "இருபது வயசுப் பையனுக்குக்கூட இப்படி ஒரு காது இருக்காதாம். பட்டாளத்து ஆஸ்பத்திரியில எழுதி அனுப்பியிருக்காங்க. நூத்துக்கு நூறு!"

முகத்தில் பாதி சோப்பு நுரையோடு பட்டாளத்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால், முதலில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் நாற்பதைத் தாண்டாத மனுஷர்.

"நூறா? முழுசா நூறா?"

"ஆமா, கண்ணாடி போட்டு மாட்டுங்க. நான் இங்க தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன், உங்களுக்கு நூறாம் நூறு! அங்க போய் என்னதான் பண்ணித் தொலைச்சீங்க?"

ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். பீரங்கிப் படையில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு வந்தவர். தெருவே அவரைப் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிடும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா என்பது வேறு விஷயம். "பீரங்கிக்குப் பக்கத்துல நின்னா இடி விழுந்தாலும் கேக்காது. ஆனா எங்க ஆபீசர் வாயைத் திறந்தா போதும், அடுத்த நொடி குண்டு போயிருக்கும். ஒரு ஆர்டரை நான் தவற விட்டது கிடையாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மார்தட்டுவார். அத்தனை குண்டும் சேர்ந்து அவர் காதைத் தின்றுவிட்டன.

முழுசாகத் தின்றனவா என்பதில்தான் வீட்டில் ஓயாத சண்டை. எதிரே வந்து நின்று "சாப்பிட வாங்க" என்றால் முதல் ஆளாக எழுந்து வருவார். சமையலறையிலிருந்து "தண்ணி மோட்டாரை நிறுத்துங்க" என்று கத்தினால் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். தண்ணீர் வழிந்து, மாடி நனைந்து, பக்கத்து வீட்டுக்காரர் குடையோடு வந்து கதவைத் தட்டுகிற வரைக்கும் அசைய மாட்டார்.

"வேணுங்கறது கேக்கும், வேண்டாதது கேக்காது. எல்லாம் அழுத்தம்!" என்பது மனைவியின் தீர்ப்பு.

அதைவிட அவளுக்கு வயிற்றெரிச்சல், அவள் தம்பி விஷயம். மச்சான் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தான். மேலுதடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதபடி, துடைப்பம் போல ஒரு மீசை. அவன் பேசினால் பட்டாளத்தாருக்கு ஒரு எழுத்துகூடப் புரியாது. "முனகறான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

"என் தம்பி பேசினா மட்டும் உங்களுக்குக் காது அடைச்சிடும். என் பொறந்த வீடுன்னா அவ்வளவு இளக்காரம்!"

இதையெல்லாம் அவள் சாதாரணக் குரலில் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியும் பிரயோஜனம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அவளுக்குப் பிழைப்பே குரல்தான். பஸ் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து எந்த பஸ் எந்தத் தடத்தில் நிற்கிறது என்று சொல்கிறவள். ஊரே அவள் குரலைக் கேட்டுத்தான் பஸ் ஏறியது. கேட்காத ஒரே ஆள், அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

போன மாதம் தொண்டை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "வீட்ல இப்படிக் கத்தினா மைக்ல பேசக் குரல் மிஞ்சாதும்மா. அது போச்சுன்னா போனதுதான். ஒண்ணு நீங்க கத்தறதை நிறுத்தணும், இல்ல அவருக்குக் காது கேக்கணும்."

கடையில் வாங்கிய காது மெஷின் ஒன்று விசில் அடித்ததோடு சரி. அந்த விசிலும் வீட்டில் எல்லோருக்கும் கேட்டது, அவரைத் தவிர. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நல்ல மெஷின் கொடுப்பார்கள். ஆனால் படை வேலையில்தான் காது கெட்டது என்று அவர்களே பரிசோதித்து ஊனச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அந்தப் பரிசோதனையில்தான் மனுஷர் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு வந்து நிற்கிறார்.

"நடந்ததை ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றாள் மனைவி, எதிரே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"என்னத்தைச் சொல்ல? ஒரு கண்ணாடிப் பொட்டிக்குள்ள உக்கார வெச்சாங்க. காதுல பெரிய மூடி மாதிரி ஒண்ணை மாட்டினாங்க. கையில ஒரு பட்டனைக் கொடுத்தாங்க. அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டே என்னமோ சொல்லிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின்கிட்ட போய் உக்காந்தா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மெஷின்ல குட்டி விளக்கு ஒண்ணு எரியும். அந்தப் பொண்ணு போட்டிருந்த மூக்குக்கண்ணாடியில அது பளிச்சுனு தெரியும். தெரிஞ்ச உடனே அமுக்கினேன். ஒரு தடவைகூடத் தப்பு விடல!"

மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அது சத்தம் கேட்டா அமுக்கற பட்டன்யா!"

"எங்க படையில விளக்கு எரிஞ்சா அமுக்கணும். அதைத்தானே இத்தனை வருஷமா பண்ணேன்."

கெட்டுப்போன காதை நல்ல காது என்று எழுதிவிட்டார்கள். மேல்முறையீடு செய்துவிட்டால் சரியாகிவிடும் என்று மச்சான் யோசனை சொன்னான். அதாவது, மீசை மேலும் கீழும் ஆடியது. மனைவி எதிரே வந்து நின்று விளக்கிச் சொன்னாள்.

மறுநாள் அவளுக்கு வேலை. அவர் தனியாகத்தான் போனார். அங்கேதான் வினை.

முறையீட்டு அலுவலகத்தில் கவுன்ட்டருக்குத் தடிமனான கண்ணாடி போட்டிருந்தார்கள். கீழே காகிதம் நுழைக்க ஒரு சந்து. உள்ளே இருந்த எழுத்தருக்கு மழுமழுவென்று சவரம் செய்த, களையான முகம்.

"என்ன வேணும்?" என்றார் எழுத்தர்.

"மேல்முறையீடு."

"எதை எதிர்த்து?"

"காதுப் பரிசோதனையை. எனக்குக் காது கேக்காது, கேக்கும்னு எழுதிட்டாங்க."

"எந்தப் படை?"

"பீரங்கி."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "சார், இந்த மைக் ரிப்பேராகி ஒரு மாசமாகுது. காலையிலேருந்து வர்றவங்க எல்லாரும் 'என்ன? என்ன?'ன்னு கண்ணாடியைத் தட்டிக்கிட்டே இருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் முதல் தடவையிலேயே டக்கு டக்குனு பதில் சொல்றீங்க. உங்களுக்கா காது கேக்கல?"

"நீங்க தெளிவா பேசறீங்க, அதான்" என்றார் பட்டாளத்தார், மனப்பூர்வமாக.

எழுத்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். நல்ல மனிதராக இருக்கிறாரே என்று விளக்கைப் பார்த்துப் பட்டனை அமுக்கிய கதையையும் பட்டாளத்தார் சொல்லிவிட்டார்.

"அப்போ பரீட்சையில காப்பி அடிச்சேன்னு நீங்களே ஒத்துக்கறீங்க?"

"காப்பியா? கண்ணு முன்னால எரிஞ்சுது சார்!"

எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில் பூகம்பம். "அவர் கேட்டா நீங்க ஏன் பதில் சொன்னீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"கேட்டார், சொன்னேன். ஒரு மரியாதை வேண்டாமா?"

"காது கேக்கலைன்னு சொல்லப் போன இடத்துல மரியாதை என்ன வேண்டிக்கிடக்கு?"

மச்சானின் மீசை மறுபடி ஆடியது. "என்ன முனகறான்?" என்றார் பட்டாளத்தார். மனைவி பல்லைக் கடித்தபடி மொழிபெயர்த்தாள். "அடுத்த பரிசோதனையில யார் என்ன கேட்டாலும் நீங்க வாயைத் திறக்கக் கூடாதாம்."

அடுத்த பரிசோதனையைச் செய்தவர் பெரிய காது டாக்டர். கிருமிக்குப் பயந்தவர், மூக்கும் வாயும் தெரியாமல் மாஸ்க்கை இழுத்துக் கட்டியிருந்தார். அந்த மாஸ்க் உப்பியது, ஒட்டியது, மறுபடி உப்பியது. பட்டாளத்தாருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. மச்சானுக்குச் சொந்தக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நடிக்க வேண்டுமே, அது நமக்கு வராதே என்று இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் இருந்தவருக்கு அப்பாடா என்று இருந்தது. கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். டாக்டரும் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். காரியம் கைகூடி வருகிற நேரம்.

அந்த நேரம் பார்த்து வெளியே தாழ்வாரத்தில் ஆஸ்பத்திரிக் கடைநிலை ஊழியர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரைக் கை நழுவ விட்டார். ஆள் உயர இரும்பு. தரை கிடுகிடுவென்று ஆடியது. பட்டாளத்தாரின் உள்ளங்காலில் அது ஏறிய மறுகணமே அவருடைய உடம்பு தானாக வேலை செய்துவிட்டது.

"படுங்க சார்!" என்று டாக்டரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேஜைக்கடியில் பாய்ந்தார். டாக்டரின் ஒரு ஷூ ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம். பட்டாளத்தார் அவர்மேல் கவிழ்ந்து படுத்துக் காப்பாற்றினார்.

சிலிண்டரை விட்டவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, இரண்டு பேர் மேஜைக்கடியில் கட்டிப்பிடித்துக் கிடப்பதைக் கண்டு, "மன்னிச்சிடுங்க ஐயா" என்று மறுபடி சாத்திவிட்டார்.

காப்பாற்றியதற்கு நன்றி வரவில்லை. நோட்டீஸ்தான் வந்தது. காது கேட்காததுபோல் நடித்து ஏமாற்ற முயன்றதாகச் சந்தேகம். முழு மருத்துவக் குழுவின் முன் நேரில் வந்து விளக்க வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் இப்போது வருகிற ஓய்வூதியத்துக்கே ஆபத்து.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே, அது இதுதான். பட்டாளத்தார் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பணம் போனால் போகட்டும், கஞ்சி குடித்தாவது இருந்துகொள்ளலாம். 'ஏமாற்ற' என்ற அந்த வார்த்தைதான் அவரைக் குத்தியது. வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை அந்த மனுஷர். சொல்லத் தெரியாது என்பதும் உண்மை.

குழு கூடுவதற்கு முந்தின சாயங்காலம் மச்சான் கடைசி யோசனையோடு வந்தான். மீசை ரொம்ப நேரம் ஆடியது. இந்தத் தடவை மனைவி மொழிபெயர்க்கவில்லை. சட்டென்று எழுந்தாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு தம்பியைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள்.

"நடிச்சேன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கடிதம் கொடுக்கணுமா? இவரா? இவர் அழுத்தக்காரர்டா, ஒத்துக்கறேன். வேணும்னே காதை மூடிப்பார், அதையும் ஒத்துக்கறேன். ஆனா ஏமாத்தறவர் இல்லை! இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னே, உன் மீசையை நானே பிடுங்கிடுவேன்!"

அவள் அன்று கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விட்டது. மச்சான் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான். பட்டாளத்தார் அவன் விட்டுப்போன செருப்பை ஓரமாக எடுத்து வைத்தார். இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டே இருக்கிற பெண், தனக்காகத் தன் தம்பியையே விரட்டிவிட்டாளே!

மறுநாள் காலை அவள் அதிசயமாகப் பொறுமையாக இருந்தாள். முகத்தில் நரம்பு புடைக்கவில்லை, கழுத்து சிவக்கவில்லை. காபியை நீட்டியபடி, "சர்க்கரை போதுமா?" என்று கேட்டாள்.

"போதும்" என்றார்.

அவள் திகைத்து நின்றாள். தொண்டையைத் தடவிக்கொண்டாள். "நேத்துப் போட்ட சட்டையா இது?" என்றாள்.

"இல்லையே, துவைச்சதுதான்."

அப்புறம் அவள் செய்த காரியம் அவருக்கு விளங்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். முன்னால் வந்தாள். மறுபடி பின்னால் போனாள். தையற்காரர் அளவெடுப்பது போல இப்படி நாலு தடவை. அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன்டி அழறே? பயமா இருக்கா? நான் இருக்கேன்ல" என்றார்.

அவள் அவர் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "அங்க வந்து என் முகத்தைப் பாத்துக்கிட்டே இருங்க. போதும்."

"உன் முகத்தைத்தானே இத்தனை வருஷமா பாக்கறேன். புதுசா என்ன இருக்கு?"

பஸ்ஸில் வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார்கள். அதாவது அவள் கேட்டாள், இவர் தன் பாணியில், பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்பது போல, உரக்கப் பதில் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் அவரையே ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின் சீட்டுக்குப் போய்விட்டாள். கொஞ்சம் மரியாதை தெரியாத பஸ் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவள் தண்ணீருக்காக எழுந்து போனாள். அன்று சிலிண்டரை விட்ட ஊழியர்தான் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவரிடம் கையை ஆட்டி ஆட்டி அவள் என்னவோ பேச, அந்த ஆள் ஓடிப்போய்த் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். போகிற இடமெல்லாம் இவளுக்குப் பேச ஒரு ஆள் கிடைத்துவிடும் என்று பட்டாளத்தார் சிரித்துக்கொண்டார்.

உள்ளே நீள மேஜைக்குப் பின்னால் தலைமை டாக்டர், பக்கத்தில் மாஸ்க் டாக்டர், அப்புறம் இன்னும் இரண்டு டாக்டர்கள். மேஜைக்கு முன்னால் நாற்காலியில் பட்டாளத்தார். மனைவியைக் கோடியில், கதவை ஒட்டினாற்போல ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

"படையில என்ன வேலை பாத்தீங்க?" என்றார் தலைமை டாக்டர்.

"பீரங்கி சார்."

"காதுல வலி உண்டா?"

"வலி இல்ல சார்."

மாஸ்க் உப்பியது. பட்டாளத்தார் அமைதியாக இருந்தார். மாஸ்க் இன்னும் வேகமாக உப்பியது.

"அவர் கேக்கறாரே, பதில் சொல்லுங்க" என்றார் தலைமை டாக்டர்.

"அவர் எங்க சார் பேசினார்?"

மாஸ்க் டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். தலைமை டாக்டர் அவரைக் கையமர்த்தி உட்கார வைத்தார். "ஏன்யா, நான் கேட்டா கேக்குது, அவர் கேட்டா கேக்கலையா?" என்றார்.

"நீங்க தெளிவா பேசறீங்க சார்" என்றார் பட்டாளத்தார் பரிதாபமாக. தன் பேச்சு தனக்கே பொய்யாகத் தோன்றியது. முகத்தைப் பார்க்கச் சொன்னாளே என்று திரும்பிக் கோடியில் இருந்த மனைவியைப் பார்த்தார். அவள் அதற்காகவே காத்திருந்தவள் போல எழுந்து நின்றாள்.

"என் தம்பியை மீசையை எடுக்கச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள்.

இதென்ன, நேரம் கெட்ட நேரத்தில்! ஆனால் கேட்டால் பதில் சொல்லித்தானே அவருக்குப் பழக்கம்.

"அவன் மீசையை எடுத்தா என்ன, வெச்சா என்ன? முனகறது நிக்கவா போகுது?"

மாஸ்க் டாக்டர் மெதுவாகத் தலைமை டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"என் குரல் இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள் மனைவி. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது; ஆனால் முகம் சிரித்தது.

"உன் குரலுக்கு என்னடி குறைச்சல்? ஊரே அதைக் கேட்டுத்தானே பஸ் ஏறுது. இன்னிக்குத்தான் கத்தாம பேசறே, கேக்க எவ்வளவு இதமா இருக்கு! எப்பவும் இப்படியே பேசேன்."

மாஸ்க் டாக்டர் மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். உற்சாகத்தில் மாஸ்க்கையே கீழே இழுத்துவிட்டார். "பாத்தீங்களா சார்! அந்தம்மா கோடியில நின்னு குசுகுசுன்னு என்னமோ கேக்கறாங்க. இங்க இருக்கற நம்ம யார் காதுலயும் ஒரு வார்த்தை விழல. இந்த ஆளுக்கு மட்டும் ஒண்ணு விடாம கேக்குது! இதைவிட என்ன சாட்சி வேணும்?"

பட்டாளத்தாருக்கு இப்போது அவர் சொன்னது எல்லாமே தெளிவாகப் புரிந்தது. தலைமை டாக்டர் பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார்.

அதற்குள் கதவருகே டீத் தட்டோடு நின்றிருந்த அதே ஊழியர், மனைவிக்கு ஒரு தம்ளரை நீட்டிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, குறுக்க பேசறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நான் பக்கத்துலயேதான் நிக்கறேன், அந்தம்மா குசுகுசுன்னுகூடப் பேசலீங்க, வெறும் வாயைத்தான் அசைச்சாங்க. அவங்களுக்குக் காலையிலேருந்து குரலே கிடையாது, தண்ணி வேணும்னு எங்கிட்டயே கையைக் காட்டித்தான் கேட்டாங்க!"